நிமிஷம் அக்காவின் ஆறாவது வண்டி

“டீக்கடையா? ஏழு நிமிஷம். குடை பிடிச்சுக்கிட்டுப் போனா எட்டு,” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார் நிமிஷம் அக்கா. கேட்டவர் புதிதாகச் சேர்ந்த லாரி ஓட்டுநர். தூரத்தைக் கேட்டால் நேரம் வருகிறதே என்று முழித்தார். குடைக்கு எதற்குத் தனியாக ஒரு நிமிஷம் என்று கேட்க வாயெடுத்தவரின் முழங்கையைப் பக்கத்திலிருந்தவர் மெல்லத் தொட்டார். கேட்டால் அக்கா எதிர்க்காற்றிலிருந்து ஆரம்பித்துவிடுவார், டீக்கடை மூடிவிடும்.

கான்கிரீட் கலந்து லாரியில் ஏற்றி அனுப்பும் ஆலை அது. எந்த வேலைக்கு எத்தனை லாரி, எது எப்போது கிளம்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் பதினெட்டு வருஷமாக அக்காதான் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரம் மேசை. அங்கிருந்து பார்த்தால் கலவை கொட்டும் பெரிய புனலும், முற்றத்தின் கடைசியில் வாசல் கேட்டும் தெரியும். வேலை தொடங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொள்வார். கையில் கட்டியிருந்தால் அது ஓடுவது தெரிவதில்லையாம். பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நோட்டு. லாரிகளின் நேரம் மட்டும்தான் அதில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பால் பொங்கும் நேரம், மகள் தலைவாரும் நேரம், கணவர் “இதோ வந்துட்டேன்” என்று சொல்லி உண்மையில் வந்து சேரும் நேரம் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. கணவரும் அதே ஆலையில் லாரி ஓட்டுகிறவர். வீட்டிலும் அதே கடிகாரம், வேலையிலும் அதே கடிகாரம் என்று ஊரெல்லாம் புலம்புவார், ஆனால் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

இந்த நோட்டு, அக்காவுக்கு வேலையில் ஓர் அடி விழுந்த பிறகு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், லோடோடு போகும் வேகத்தையும் காலியாக வரும் வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி ஒரு கணக்குப் போட்டார் அக்கா. லாரிகள் நேரத்துக்கு வரவில்லை. வேலை நடந்த இடத்தில் கலவையைத் தள்ளும் பம்பு வெயிலில் சும்மா நின்றது, குழாய்க்குள் கலவை இறுகிப்போனது. ஆறு பேர் சாயங்காலம் வரை சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார்கள். அக்காவுக்கு மானமே போனது.

அன்று வீட்டுக்குப் போனவர் காப்பி கூடக் குடிக்கவில்லை. கணவரின் கையில் கடிகாரத்தைக் கொடுத்து மாடிப்படியின் அடியில் நிறுத்தினார். தண்ணீர் நிறைந்த வாளியோடு மூன்று மாடி ஏறினார், அங்கே கொட்டிவிட்டு வெறும் வாளியோடு இறங்கினார். ஏற மூன்று நிமிஷம், இறங்க ஒரு நிமிஷம். மூச்சு வாங்க அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“படி அதேதான். ஆனா வாளியோட இருந்தது மூணு நிமிஷம், வெறும் வாளியோட ஒரே நிமிஷம். அப்ப ரெண்டு வேகத்துக்கும் சமபங்கு எப்படிக் குடுக்கிறது? மெதுவாப் போறதுதானே அதிக நேரம் ரோட்டுல கிடக்குது?”

“அது சரி, நாளைக்கு வாளியைக் கீழேயே வெச்சிடு,” என்றார் கணவர். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மூன்றும் ஒன்றும் இன்றும் இருக்கின்றன.

போன மாதம் ஒரு புது மேலாளர் வந்தார். தலை நரைத்தவர், நல்ல படிப்பு, எதையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளம் போடும் வேலை வந்தது. முப்பது லோடு, இடையில் நிறுத்தக்கூடாது. இருபது கிலோமீட்டர் தூரமும் ஏற்றம். லோடோடு ஏறும் வேகம் மணிக்கு இருபது, காலியாக இறங்கும் வேகம் அறுபது. மேலாளர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிச் சராசரி நாற்பது என்றார். போக வர நாற்பது கிலோமீட்டர், ஆக ஒரு மணி நேரம். ஏற்ற இருபது நிமிஷம், இறக்க இருபது நிமிஷம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு நூறு நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு ஒரு லாரி என்றால் ஐந்து லாரி போதும் என்று அச்சடித்த தாள் வந்தது.

தாளைப் பார்த்ததும் அக்காவுக்குத் தன் பழைய குழாய்தான் நினைவுக்கு வந்தது. “ஏற ஒரு மணி, இறங்க இருபது நிமிஷம். ரோட்டுலயே எண்பது ஆகுது சார். ஒரு சுத்துக்கு நூத்தியிருபது. ஆறு வண்டி வேணும்.”

“சராசரி நாப்பதும்மா.”

“அந்த நாப்பதுல எந்த வண்டியும் ஓடலையே சார்.”

மேலாளரின் காது சிவந்தது. கேட்டில் வண்டி நம்பர் எழுதும் தடித்த பதிவேட்டை வரவழைத்து அக்காவின் மேசையில் வைத்தார். “நாளைக்கு அஞ்சு வண்டியில வேலை முடிஞ்சா, அடுத்த நாள்லேருந்து நீங்க கேட்டுல உட்கார்ந்து இதை எழுதுங்க.” பதினெட்டு வருஷ நாற்காலி ஒரு வார்த்தையில் ஆடிப்போனது.

மறுநாள் கணவருக்கு விடுமுறை. அன்றிரவு சாப்பிடும்போது அக்கா விஷயத்தைச் சொல்லி, காலையில் ஆறாவது வண்டியோடு தயாராக நிற்கச் சொன்னதும் அவர் சாப்பிடும் கையை நிறுத்தினார். “நீ தப்புன்னா, ஏத்தின லோடு மேல காத்துக் கிடந்து வண்டி டிரம்முக்குள்ளயே கல்லாயிடும். உன் நாற்காலியோட என் ஸ்டீயரிங்கும் போயிடும்.”

“தப்பில்ல.”

“எப்படிச் சொல்றே?”

“அன்னிக்குப் படியடியில கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே.”

காலை ஆறு மணிக்கு முதல் லாரி கிளம்பியது. இருபது நிமிஷத்துக்கு ஒன்றாக, ஏழு இருபதுக்கு ஐந்தாவதும் போய்விட்டது. மேலாளரின் தாள்படி முதல் லாரி அந்த நிமிஷம் கேட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். கேட்டில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அக்கா மேசையிலிருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். ஜன்னல் வழியே கையை உயர்த்தினார். கழுவி வைத்திருந்த ஆறாவது லாரியைக் கணவர் புனலுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். கலவை இறங்கும் சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார்.

“யாரைக் கேட்டு ஏத்துறீங்க?”

“கடிகாரத்தைக் கேட்டுத்தான் சார்.”

அவர் அடுத்ததைச் சொல்வதற்குள் போன் அடித்தது, அவரே எடுத்தார். மலைமேலிருந்து மேஸ்திரி பேசினார். “முதல் வண்டி இப்பத்தான் காலியாகிக் கிளம்புது. ரெண்டாவது வந்து நிக்குது. நடுவுல இடைவெளி விட்டுடாதீங்க சார்.” மேலாளர் போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் அக்காவின் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழு நாற்பது. ஆறாவது லாரி நிறைந்த வயிற்றோடு கேட்டைத் தாண்டியது. அதே வேளையில் முதல் லாரி காலியாக உள்ளே திரும்பியது. இரண்டு ஓட்டுநர்களும் ஜன்னல் வழியே கையை நீட்டித் தட்டிக்கொண்டார்கள். காவலாளியின் கொட்டாவி பாதியில் நின்றது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு பகல் முழுவதும் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. முப்பதாவது லோடு ஆறாவது லாரியின் பங்காகவே வந்தது. சரியாக ஐந்து மணிக்குக் கணவர் மலைமேலிருந்து கூப்பிட்டார்: “முடிஞ்சுது. பம்பு ஒரு நிமிஷம்கூட நிக்கல. நோட்டுல போட்டுக்கோ.” முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

மேலாளர் வந்து மேசைக்கு எதிரே நின்றார். “நானும் ராத்திரி ரெண்டு தடவை சரிபார்த்தேன்மா. கூட்டிப் பாதியாக்கினா சரியாத்தான் தெரியுது.”

“எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது சார், முதல் வருஷம்,” என்றார் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். யாரையும் கூப்பிடாமல் கேட் பதிவேட்டைத் தானே தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்க முற்றத்தில் இறங்கினார். அக்கா மேசையிலிருந்த கடிகாரத்தைக் கையில் எடுத்தார். அவர் கேட்டை அடையும் வரை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி நோட்டில் எழுதினார்: மேலாளர், கேட் வரை, சுமையோடு, மூன்று நிமிஷம்.

வெறுங்கையோடு திரும்பி வரும் நேரத்துக்கு இடம் விட்டு, மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.