ராணி கொடி காட்டிய சாயங்காலம்

எழுபதுகளில் தூத்துக்குடி ரயில்வே யார்டில் நான் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து வயல்காட்டிலிருந்து வந்தவன். கடலையும் இன்ஜினையும் ஒரே வாரத்தில்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் ஷண்டிங் ஜமேதாரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது டிரைவருக்குக் கொடி காட்டுவது அவர் வேலை. கடற்கரைத் தெருக்காரர். வாட்டசாட்டமான ஆள், முறுக்கிவிட்ட மீசை, துறைமுகம் வரைக்கும் கேட்கிற குரல். மத்தியானம் உப்பு வேகன் நிழலில் உட்கார்ந்து, மாதா கோயில் நாடகத்தில் தான் பேசும் ராஜா வசனத்தை எங்களுக்குப் பேசிக் காட்டுவார். கையில் சோறு காய்ந்துபோகும், யாரும் கை கழுவ எழுந்திருக்க மாட்டோம்.

ஒரு வருசம் திருவிழா நெருங்கும்போது ராணி வேசக்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. ராணியின் வசனமும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அண்ணாச்சி மட்டும்தான். நாடகம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி கெஞ்சிக் கேட்டதில், ராஜா வேசத்தைத் தன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இவர் ராணியாகச் சம்மதித்தார். மீசையை எடுத்த மறுநாள், டூட்டி முழுக்க வாயைத் துண்டால் மூடிக்கொண்டே கொடி காட்டினார்.

நாடகத்தன்று அவருக்குப் பதிலாக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உப்பு ஏற்றிய சரக்கு வண்டி இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். பெட்டிகளோ அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அண்ணாச்சியைக் கூட்டிவரச் சொல்லி யார்டு மாஸ்டர் என்னைச் சைக்கிளில் விரட்டினார்.

கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் அண்ணாச்சி சிவப்புப் பட்டுச் சேலையும் சவுரிமுடியும் ஜிகினாக் கிரீடமுமாக உட்கார்ந்திருந்தார். விசயத்தைச் சொன்னேன். வேசத்தைக் கலைத்தால் மறுபடி போட நேரமில்லை என்று அண்ணாவி தலையிலடித்துக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

"கலைக்க வேண்டாம். ஏலே, சைக்கிளத் திருப்பு."

கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்கிற பெண்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். நான் வெட்கத்தில் தலை நிமிராமல் மிதித்தேன். அவரோ இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு இன்ஜினில் இருந்தவர் மதுரையிலிருந்து புதிதாக வந்த டிரைவர். பட்டுச் சேலை கட்டிய ஒருத்தி தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பச்சைக் கொடியை வீசுவதைப் பார்த்ததும் பிரேக்கைப் போட்டுவிட்டார். யாரோ புத்தி சரியில்லாத பொம்பளை, அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னார். அண்ணாச்சி இன்ஜின் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தார்.

"நான்தான்யா ஜமேதார். ரெண்டாம் லைனுக்குத் தள்ளுங்க. எனக்கு நாடகத்துக்கு நேரமாவுது."

அந்தக் குரலைக் கேட்டதும் டிரைவர் வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வேலை முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. சேலையோடு பெட்டிகளுக்கு நடுவே போகக் கூடாது என்பதால் கொக்கி மாட்டுகிற வேலையை நான் பார்த்தேன். அவர் வெளியே நின்று கொடி காட்டினார். உப்பளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வேலியோரம் நின்று ஒவ்வொரு பெட்டி சேரும்போதும் கைதட்டினார்கள். வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.

கொட்டகைக்குத் திரும்பியதும், முகத்து அரிதாரத்தில் கரி படிந்திருந்ததை அண்ணாவி அவசரமாகத் துடைத்துவிட்டார். டூட்டி முடிந்த டிரைவரும் நானும் மணலில் உட்கார்ந்து நாடகம் பார்த்தோம். ராஜா போரில் செத்ததும் ராணி அழுதாள். சாயங்காலம் கைதட்டிய அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

அதன் பிறகு யார்டில் அவருக்கு ராணி என்றே பெயர் நிலைத்தது. கூப்பிட்டால் சந்தோசமாகவே திரும்பிப் பார்ப்பார். அடுத்த வருசம் அண்ணாவி ராஜா வேசத்தைத் திரும்பத் தருவதாகச் சொன்னபோது, அதைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.