ஒத்திகையில் சொல்லக் கூடாத வாக்கியம்

மேய்ன் கடற்கரையில் ஒரு கடற்படைக் கப்பல் பட்டறை. வெண்டல் பிளேஸ்டட் அங்கே முப்பத்தோரு வருடமாகப் பெயின்டர். பதினோரு தலைமை அதிகாரிகளைப் பார்த்துவிட்டார். ஒருவர் கிரேனுக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னார், அடுத்தவர் சாம்பல், அதற்கடுத்தவர் மறுபடி மஞ்சள். பட்டறையின் சரித்திரம் என்றால் வெண்டலுக்கு அவ்வளவுதான்.

பன்னிரண்டாமவர் நாளை வெள்ளிக்கிழமை பொறுப்பேற்கிறார். அதே வெள்ளி காலையில் பாஸ்டனில் வெண்டலின் மனைவி லுவெல்லாவுக்கு இதய அறுவை சிகிச்சை. இன்று நாலு மணிப் பேருந்தை அவர் பிடித்தாக வேண்டும். ஆனால் புதிய அதிகாரியின் நாட்களில் விழுகிற விடுப்புக்குப் பழைய அதிகாரி கையெழுத்துப் போடுவதில்லை என்பது அந்தப் பட்டறை வழக்கம். புதியவரோ இன்னும் வந்து சேரவில்லை. எவன் போட்ட வழக்கமோ, நாசமாய்ப் போக.

மூன்று மணிக்கு விழா ஒத்திகை. மேடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வெண்டலை, புதியவர் இடத்தில் நிற்கச் சொல்லி இழுத்து வந்தாள் அலுவலக எழுத்தர் தெல்மா. ஒத்திகையில் பொறுப்பேற்கும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் பொறுப்பு நிஜமாகவே கைமாறிவிடும் என்பது கடற்படைக்காரர்களின் நம்பிக்கை. பேருந்து நினைப்பிலிருந்த வெண்டல் சொல்லித் தொலைத்தார்.

“சார், உங்க பொறுப்ப நான் ஏத்துக்கறேன்.”

எதிரே நின்ற பதினோராமவர், கேப்டன் பிரேஸ்வெல், விறைப்பாக சல்யூட் அடித்தார். “ஒப்படைச்சுட்டேன்.”

பேண்டு வாத்தியக்காரர்கள் முழித்தார்கள். வெண்டலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“யோவ் வெண்டல், காரியத்தக் கெடுத்தியே! இப்ப இங்க யார்தான் அதிகாரி?” என்றாள் தெல்மா.

“என்ன எதுக்குக் கேக்கறீங்க? அவரக் கேளுங்க,” என்று கேப்டன் வெண்டலைக் காட்டினார். “கையெழுத்துக்கு ஏதாச்சும் இருந்தா நீட்டுங்க.”

தெல்மா நீட்டிய அட்டையில் மேலே இருந்தது வெண்டலின் விடுப்புத் தாள்தான். தன் லீவுக்குத் தானே கையெழுத்துப் போடுவதா? வேலை போய்விடுமோ? பெயின்ட் விரலோடு போட்டார். போட்டதும் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

“சார், ஆள் மாத்தி விடாம அதிகாரி எடத்த விட்டு நகரக் கூடாதே. நான் எப்படி பஸ்ஸுக்குப் போறது?”

“அப்பாடா, இதாச்சும் தோணுச்சே.” கேப்டன் மறுபடி சல்யூட் அடித்தார். “சார், உங்க பொறுப்ப நான் ஏத்துக்கறேன்.”

வெண்டலும் பெயின்ட் கையால் ஒரு சல்யூட் அடித்தார். “ஒ… ஒப்படைச்சுட்டேன்.”

“ஓடுங்க. லுவெல்லா கண்ணு முழிக்கறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்.”

முந்தைய பத்துப் பேரில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. பேருந்தில் உட்கார்ந்த பிறகும் அவருக்கு விளங்கவில்லை. ஒத்திகையில் ‘ஒப்படைச்சுட்டேன்’ என்று கேப்டன் வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா? விளங்காமலேயே அழுதார்.