தாய்மாமனுக்கு அப்டேட் வந்த நாள்

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் ஒருத்தனையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பார்த்தவுடன் அடிக்க மாட்டேன். புதன்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்பேன். தெரியாது என்பான். அப்புறம்தான் அடிப்பேன்.

என் அக்கா மகளுக்குக் காது குத்து. நன்னிலம் பக்கம் வயலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் குலதெய்வம் கோயில். மொட்டை போட்டு, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி காது குத்துவார். குழந்தைக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். பெரியவன் என் அண்ணன், கத்தாரில் கட்டட வேலை. சின்னவன் நான். பத்தாவதில் கணக்கு என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எங்கள் வழக்கப்படி மூத்த மாமன் மடிதான் மடி.

அண்ணன் லீவு கேட்டான். கிடைக்கவில்லை. அவன் விமானம் ஏறிய பிறகு பிறந்த குழந்தை அது. போட்டோவில் பார்த்திருக்கிறானே தவிர, ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. காது குத்தும்போதாவது கூட இருக்க வேண்டும் என்று, ஊருக்கு வந்த குத்தாலத்துக்காரர் ஒருவரிடம் ஒரு டேப் கொடுத்தனுப்பினான். பலகை மாதிரி இருந்தது. அதில் முகம் தெரியும், பேசலாம். அப்போது எங்கள் தெருவில் எல்லார் கையிலும் பட்டன் போன்தான்.

வந்த அன்றே எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. சார்ஜருக்கு மூன்று காலும் தட்டை. எங்கள் சுவரில் மூன்று ஓட்டையும் உருண்டை. தஞ்சாவூர் போய் நடுவில் சொருக ஒன்று வாங்கி வந்தேன். அதைவிட மோசம், தினமும் காலையில் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அப்டேட் செய்யட்டுமா, இப்போதா, பிறகா. பிறகு என்று அழுத்துவேன். மறுநாள் திரும்ப வரும். நான் பிறந்த சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அழுத்தினால் பாடும், நிறுத்தினால் நிற்கும். பாட்டுக்கு நடுவில் 'நான் கொஞ்சம் திருந்திக்கொள்கிறேன், நீ காத்திரு' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், உலகத்து நல்ல சாமான் எல்லாம் வரும் என்றார்கள். வந்தது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நம்மையே அதிகாரம் செய்கிறது.

புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் குத்திவிட வேண்டும். கோயிலுக்குள் சிக்னல் இல்லை, வாய்க்கால் மதகுப் பக்கம்தான் கிடைத்தது. அதனால் சாமி கும்பிட்டுவிட்டு எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மதகுக்கு வந்தோம். அம்மன் முதுகுப் பக்கம், டவர் முகத்துப் பக்கம்.

மடிக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

"எங்கிட்டயும் ஒரு மடி இருக்கு. சும்மாதான் கெடக்கு" என்றேன்.

எங்கள் பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "சீர் அனுப்புனவன் இருக்கான், அவன் மூஞ்சி இதுல தெரியப் போவுது. மனையில பட்டு வேட்டிய மடிச்சுப் போட்டு அதுமேல டேப்ப வைங்க. பாப்பாவ அக்கா அதுக்கு முன்னால வச்சிக்கட்டும். நீ பின்னாலேந்து சாயாம புடிச்சிக்க."

"அப்ப நான் மாமன் இல்ல, ஸ்டாண்டு."

"வாய மூடிட்டுப் புடிடா."

பிடித்தேன். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்காலில் போட்டிருப்பேன். அதற்குள் அண்ணன் திரையில் வந்துவிட்டான். டீ நேரத்தில் வெளியே வந்து, ஒரு சுவர் நிழலில் நின்றிருந்தான். கம்பெனிச் சட்டைதான், ஆனால் நெற்றியில் விபூதி. குழந்தையைப் பார்த்ததும், "மொட்டையில என்னையே உரிச்சு வச்சிருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்கூட.

மாமனுக்குச் சந்தனம் வைத்து மரியாதை செய்துவிட்டுத்தான் மடியில் குழந்தையை வைப்பார்கள். அக்கா கிண்ணத்தில் விரலைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பெட்டி வந்து அண்ணன் முகத்தின் மேல் நின்றது. பின்னாலிருந்து பிடித்திருந்த எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் ஏதோ வந்திருக்கிறது என்று அக்காவும் கண்டுகொள்ளவில்லை. நெற்றி இருக்கும் இடம் பார்த்து, அழுத்தமாகச் சந்தனம் வைத்தாள். அங்கே 'இப்போது' என்று இருந்திருக்கிறது.

அண்ணன் போய்விட்டான். கறுப்புத் திரை, நடுவில் கம்பெனிச் சின்னம், கீழே எறும்பு மாதிரி ஊர்கிற ஒரு கோடு.

"என்னடா பண்ணுன?" என்றாள் அக்கா என்னிடம்.

"நானா? நான் ஸ்டாண்டு."

கோடு முடிகிற வழியாக இல்லை. அமெரிக்காவிலோ பெங்களூரிலோ ஏசி அறையில் உட்கார்ந்து, எங்கள் மாமனை எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருத்தன் முடிவு செய்திருக்கிறான். அவன் அக்கா மகளுக்குக் காது இருக்காதா?

என் பட்டன் போன் அடித்தது. அண்ணன்.

"என்னடா ஆச்சு, மறைஞ்சிட்டீங்க?"

"நீதாண்ணே மறைஞ்ச. ஒனக்குச் சந்தனம் வச்சோம், ஒன் டேப்பு தாங்கல. அப்டேட்டுக்குப் போயிடுச்சு."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"கோடு பாதிகூட வரல."

ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, பன்னெண்டு ஆவப் போவுது" என்றார்.

அது அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. "கொஞ்சம் இருக்கச் சொல்லுடா. வந்துரும். நான் இன்னும் பாப்பாவத் தூக்கக்கூட இல்லடா."

 போனைக் காதில் வைத்தபடியே பெரியப்பாவைப் பார்த்தேன்.

பெரியப்பா வாட்சைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஒக்காரு. ஒன் மடியில வை."

"இப்ப என் மடி செல்லுமா?"

"டேய், அழுதுருவேன், ஒக்காருடா" என்றாள் அக்கா.

பட்டு வேட்டியை என் மடியில் விரித்து உட்கார்ந்தேன். குழந்தையைத் தூக்கி வைத்தார்கள். வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தார்கள். நான் போனை அதன் வாய்ப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, பாக்க முடியாது. கேளு" என்றேன்.

ஆசாரி குத்தினார். குழந்தை மூச்சைப் பிடித்து, முகம் சிவந்து, பிறகு கத்தியது பாருங்கள், வயலில் நின்ற கொக்கு எல்லாம் எழும்பியது. மறு காதுக்கு அதைவிடப் பெரிய கத்தல்.

"அண்ணே?"

"ம். நல்லா அழுவுது" என்றான். "ரெண்டு காதும் ஆச்சா?"

"ஆச்சு."

"தோடு சரியா இருக்கா?"

சொல்வதற்குள் அங்கே யாரோ இந்தியில் அதட்டினார்கள். லைன் போய்விட்டது.

மதகில் சோறு போட்டு, எல்லாரும் சாப்பிட்டு, இலையை எடுத்த பிறகு அந்தப் பலகை பாட்டுப் போட்டுக்கொண்டு எழுந்தது. முகப்பில் கலர் மட்டும் மாறியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சந்தனம் காய்ந்து அதன்மேல் ஒட்டியிருந்தது. உங்கள் அனுபவம் எப்படி, நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டது.

கொடுக்காமல் விடுவேனா? ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. அது அண்ணனுக்குத்தான் தெரியும். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான்.