கொக்கி மாட்டாத அட்டிகை

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. பேச வேண்டிய நேரத்தில் வாய் வராது, அவ்வளவுதான். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால், நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் திரும்பி நடந்து வருவேன். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது வரை படித்தேன். அந்தப் பத்து வருஷத்தில், விடை தெரிந்தும் ஒரு நாளும் கை தூக்கியதில்லை.

அப்படிப்பட்ட எனக்குத்தான் கழுத்தில் கட்டி வந்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆசுபத்திரியில் பெரிய டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "தைராய்டு கட்டிம்மா. எடுத்துடலாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாடியேதான் ஓடுது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். இருந்தாலும் எப்பவாவது யாருக்காவது குரல் கம்மிப் போறது உண்டு. முன்னாடியே சொல்லிடணும்ல."

நான் பதில் சொல்வதற்குள் என் நாத்தனார் சொல்லிவிட்டார்.

"இவ குரலா? இருந்தாத்தானே சார் போறதுக்கு!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் 'அண்ணி' என்று கூப்பிடுவேன். இருப்பது திருவையாற்றில். சம்பா நடவு நேரம் என்பதால் என் வீட்டுக்காரரால் வயலை விட்டு வர முடியவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ நாத்தைப் பாரு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கூடையில் பாய், பிளாஸ்க், தட்டு, விசிறி எல்லாம் எடுத்துக்கொண்டு அவரே துணைக்கு வந்துவிட்டார்.

பெண்கள் வார்டில் எனக்குப் பதினாலாம் கட்டில். அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்து யோசித்தேன். கட்டாத பட்டுப்புடவை பெட்டியில் கிடக்கிறது என்பதற்காக, யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விடுவோமா? குரலும் அப்படித்தான். மாட்டோடு பேசுவேன். தோசைக்கல்லோடு பேசுவேன். சிங்கப்பூரிலிருந்து மகள் போன் செய்தால் பெரும்பாலும் "ம்" என்றுதான் சொல்வேன். ஆனால் அவள், "அம்மா, நீ சொல்ற 'ம்'லயே கோவமா இருக்கியா, சிரிக்கிறியான்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள். அந்த 'ம்' கம்மிப் போய்விட்டால் அவள் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? எனக்குப் பயமாக இருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆசுபத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் "தஞ்சாவூருக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றால் கோயிலுக்கா கடைத்தெருவுக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே என்று தெரியும். நாகூரிலிருந்து வருவார்கள், வேதாரண்யத்திலிருந்து வருவார்கள். பாம்புக் கடி, பிரசவம், பைக்கில் விழுந்தது, பூச்சிமருந்து குடித்தது எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பது எங்கள் தெரு முனையிலிருந்து ஆற்றுக்கு நடப்பது போலத்தான். ரத்தம் கொடுக்க ஒரு இடம், ஸ்கேனுக்கு ஒரு இடம், சீட்டில் முத்திரை வாங்க ஒரு இடம். வழியெல்லாம் யாராவது, "அண்ணே, எக்ஸ்ரே எங்கே?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நான் கேட்க மாட்டேன். யார் கையில் பெரிய உறை இருக்கிறதோ அவர் பின்னாலேயே போவேன். ஒருமுறை அப்படிப் போய் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

முன்பெல்லாம் ஊருக்குள் இருக்கும் பழைய ஆசுபத்திரி ஒன்றுதானாம். பிறகு ஊருக்கு வெளியே இந்தக் காலேஜைக் கட்டியபோது, ஜனங்கள் வரப் பயந்தார்களாம். "படிக்கிற பிள்ளைங்க அறுத்துப் பழகறதுக்கு ஆள் தேடறாங்க" என்று பேச்சு. அந்தப் பயத்தைத் தெளிவித்ததே தன் அப்பாதான் என்பது நாத்தனாரின் கட்சி. நெல் அறுப்பில் பாம்பு கடித்து, என்ன பாம்பு என்று டாக்டர் கேட்பாரே என்பதற்காக, அடித்த பாம்பையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாராம் என் மாமனார். மேசை மேல் பையை வைத்ததும் பை நகர்ந்ததாம்.

"பாம்பு சாவலை! நர்ஸம்மா ஸ்டூல் மேல, டாக்டரு மேசை மேல. எங்கப்பா மட்டும் கீழ நின்னுக்கிட்டு, 'பயப்படாதீங்க சார், என்னைக் கடிச்சு வெஷம் தீந்திருக்கும்'ங்கறார்!"

இதை நாத்தனார் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனியாகச் சொன்னார். மாமனார் பிழைத்து, அதற்குப் பிறகு இருபது அறுப்பு பார்த்தார்.

படிக்கிற பிள்ளைகள் அறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்தார்கள். தைராய்டு கட்டி என்றால், தண்ணீர் விழுங்கும்போது அது மேலே ஏறி இறங்குமாம். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். காலையில் ஒரு கூட்டம் வரும். "அம்மா, ஒரு வாய் குடிங்க, முழுங்குங்க." அந்தக் கூட்டம் போனதும் அடுத்தது வரும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடித்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே கால் வலித்தது.

கேள்விகளுக்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் சொல்லிவிடுவார்.

"எத்தனை வருஷமாம்மா இருக்கு?"

"நாலு வருஷம்ப்பா."

"சாப்பிடறப்போ அடைக்குதா?"

"அதெல்லாம் நல்லாச் சாப்பிடுவா."

நாலு வருஷம் என்பது நாத்தனார் கண்ணில் கட்டி பட்ட கணக்கு. உண்மையில் அதற்கு வயது பதினொன்று. அத்தனை நாளும் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் செருகியே காலம் தள்ளியிருந்தேன். ஆனால் கேஸ் தாளில் நாலு என்றே ஏறிவிட்டது. எழுதியதை அடிக்கச் சொல்ல நான் யார் என்று விட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் குரல் நரம்பைப் பார்க்க, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, பக்கத்தில் டிவியில் காட்டினார்கள். சுற்றி ஒரு வகுப்பே நின்றது.

"'ஈ'ன்னு சத்தமாச் சொல்லுங்கம்மா."

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"கொசு கூட இதைவிடச் சத்தமாப் பேசும்மா. ஈஈ..."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். திறந்து பார்த்தால், டிவியில் வெள்ளையாக இரண்டு பட்டைகள் சேர்ந்து சேர்ந்து விலகின. இதுதான் என் குரலா என்று வாய் பிளந்து பார்த்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"பொழங்காத பாத்திரம் பளபளன்னுதானே சார் இருக்கும்" என்றார் நாத்தனார்.

அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வெளியூரிலிருந்து பரீட்சை வைக்கும் டாக்டர் வருவாராம். நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு மாணவரை விடுவார்களாம். "உங்க கட்டி பாடப் புஸ்தகத்துல இருக்கற மாதிரி இருக்கும்மா. பரீட்சைக்கு உக்காருங்க, மறுநாளே ஆபரேஷன்" என்று பெரிய டாக்டர் கேட்டார். நாத்தனார் என் சார்பில் சம்மதித்துவிட்டு, எனக்குத் தலை வாரிப் பூ வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயார் செய்வது போலத் தயார் செய்தார். ஆனால் பரீட்சை அறை வாசலில், "துணைக்கு வந்தவங்க வெளியில நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

எனக்கு வந்தது ஒரு பெண். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. போன தடவை இந்தப் பாடத்தில் தோற்றுவிட்டாள் என்று அவளே மெதுவாகச் சொன்னாள். என்னைவிடச் சின்னக் குரலில் பேசும் ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

"எத்தனை வருஷமாம்மா இருக்கு?"

பதிலுக்காகப் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன். அங்கே சுவர்தான் இருந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பதினொண்ணு" என்றேன்.

எழுதிக்கொண்டாள். வெளியூர் டாக்டர் வந்தார், கூடவே எங்கள் பெரிய டாக்டரும். வெளியூர்க்காரர் அவள் எழுதியதைப் பார்த்தார். என் கேஸ் தாளைப் பார்த்தார்.

"இதுல நாலு வருஷம்னு இருக்கு. நீ பதினொண்ணுங்கற. அம்மாவைக் கேட்டியா, இல்ல நீயா எழுதினியா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த வாய் எனக்கு நன்றாகத் தெரிந்த வாய். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் நான் திறந்த வாய் அது. நாளைக்கு எனக்குக் குரலே இல்லாமல் போனாலும் போகலாம், இருக்கிறபோது இதற்காவது ஆகட்டும் என்று தோன்றியது.

"நான்தாங்க சொன்னேன். பதினொண்ணுதாங்க."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு அட்டிகை போட்டுக்கப் போனேங்க. கொக்கி எட்டலை. அதுக்கு முந்தின கல்யாணத்துல எட்டிச்சுங்க. தங்கச்சி பையன் இப்ப அஞ்சாவது படிக்கிறான்."

"அப்புறம் அட்டிகையை என்ன பண்ணீங்க?"

"அண்ணி ஒரு விசேஷத்துக்குக் கேட்டாங்க, குடுத்தேங்க. இன்னும் விசேஷம் முடியலை."

வெளியூர் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் பெரிய டாக்டர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டுத்தான் எழுதியிருக்க. மேல சொல்லு" என்றதும், அந்தப் பெண் மடை திறந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். வெளியே வந்ததும் நாத்தனார், "என்னடி கேட்டாங்க? என்ன சொன்ன?" என்று துளைத்தார். நான் "ம்" என்றேன்.

மறுநாள் ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது கழுத்தில் கட்டு, பக்கத்தில் நாத்தனார். அதிசயமாக அவர் பேசவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசிப் பார்க்கவில்லை. பேசினால் தெரிந்துவிடும். கஞ்சி வேண்டுமா என்று கையால் கேட்டார், நானும் கையாலேயே சொன்னேன். பதிமூன்றாம் கட்டிலிடம் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது.

"என் கருநாக்கு பலிச்சிடுச்சோ என்னமோ. இருந்தாத்தானே போறதுக்குன்னு சொன்னேனே, பாவி."

அடுத்த நாள் காலை பெரிய டாக்டர் தன் படையோடு வந்தார். அந்தப் பெண்ணும் பின்னால் நின்றாள்.

"எங்கே, பேசுங்க பாப்போம்."

நான் விழித்தேன். என்ன பேசுவது? நாத்தனார் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்தார்.

"அந்த அட்டிகை இப்ப யார்கிட்டம்மா இருக்கு?"

கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சொல்லாவிட்டால் குரல் போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். வலித்தது.

"அண்ணிகிட்ட இருக்குங்க."

கரகரவென்று வந்தது. ஆனால் வந்தது. என்னுடையதுதான்.

"பேசிட்டா! என் தாயே, பேசிட்டா!" என்று நாத்தனார் கையைத் தட்டினார். பதிமூன்றாம் கட்டிலைக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னா?"

அந்தப் பெண் முகத்தை நோட்டில் மறைத்துக்கொண்டாள். போகும்போது என் காதருகே வந்து, "பாஸ்ம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நாத்தனார் திருவையாறு போய் வந்து, கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அட்டிகை. என் கழுத்தருகே பிடித்துப் பார்த்தார். கொக்கி தாராளமாக எட்டும். அவர் கண் கலங்கியது. பிறகு தையலைப் பார்த்தார்.

"புண்ணு பச்சையா இருக்கு, உறுத்தும். ஆறட்டும். அதுவரைக்கும் எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று முடிச்சைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். லேசாகத்தான்.

ஜிப் மறுபடி திறந்தது.