பதினோராம் அத்தியாயத்து ஆள்

கஸ்பாருக்குத் தொழில் பூட்டு, பைத்தியம் துப்பறியும் நாவல். திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷன் கடையில் மாதாந்தரப் புத்தகம் வந்து இறங்கிய அன்றைக்கு அவன் பட்டறையில் அரம் ஓடாது. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த படிப்பை இதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தான். "இன்னைக்கு எவ செத்தா?" என்று கேட்டுக்கொண்டே சோற்றை வைப்பாள் அவன் மனைவி சவரியம்மாள்.

எல்லாக் கதையும் ஒரே மாதிரி ஊரில்தான் நடக்கும். ஒரு ஆறு, நாலு தெரு, ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர். மூக்குப்பொடி போட்டபடியே அவர் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிணம் விழும், ஆனால் நாறாது. ஊர் முழுக்க நல்லவர்கள், ஒரே ஒருவன்தான் கெட்டவன். அவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்பார்கள். பதினோராம் அத்தியாயம் வாக்கில் ஒரு சின்ன ஆள் வருவான், பால்காரனோ தோட்டக்காரனோ. "ஐயா, நான் ஒண்ணு பாத்தேன்" என்று வாயைத் திறப்பான். முடிச்சு அவிழ்ந்துவிடும். அந்த இடத்தில் கஸ்பாருக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். நாள் முழுக்க அரத்தால் இரும்பை ராவுகிறவனுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு சாவி உண்டு என்று சொல்கிற புத்தகம் பிடிக்காமலா போகும்?

அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில், புகையிலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் முதலாளி முத்துச்சாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது. முதலாளி மதுரைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தாராம், சாவி தொலைந்துவிட்டதாம், பூட்டை அறுக்க வேண்டுமாம். முத்துச்சாமி ஊரில் பெரிய மனுஷர். கஸ்பாருக்கு வருஷத்தில் பாதி வேலை அவர் கிட்டங்கியிலிருந்துதான் வரும்.

பின்கட்டில் ஒரு அறை. வெளி நாதாங்கியில் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. அதன் அடியில் கஸ்பார் தன் வேலைக்கெல்லாம் போடுகிற சின்னச் சிலுவைக் குறி. புகையிலை நெடியையும் மீறி ஒரு நாற்றம் அடித்தது. அறுத்தான். அறுத்த பூட்டு அறுத்தவனுக்கு என்பது தொழில் வழக்கம், கை தன்னால் அதைப் பைக்குள் போட்டது. கதவைத் தள்ளினால், முத்துச்சாமியின் மனைவி அய்யம்மாள் விட்டத்தில் தொங்கினாள். இரண்டு நாளாகியிருக்கும். கஸ்பார் கொல்லைக்கு ஓடிக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். எந்த ஹெட்மாஸ்டரும் வாந்தி எடுத்ததாக அவன் படித்ததில்லை.

ஏட்டு வந்தார். பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தார் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பேர் ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஐந்தாவதாகப் பூட்டு அறுத்தவனையே உட்கார வைத்தார்கள். ஏட்டு வாசித்தார்: "மேற்படி அய்யம்மாள் தீராத வயிற்றுவலி காரணமாக, அறையை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு..."

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. பை மடியில் கனத்தது. பதினோராம் அத்தியாயம் வந்துவிட்டது, அந்தச் சின்ன ஆள் தான்தான் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

"கஸ்பாரு, புதுக் கிட்டங்கிக்கு இருபது பூட்டு வேணும்லப்பா" என்றார் முத்துச்சாமி. பெண்டாட்டியை இன்னும் இறக்கக்கூட இல்லை. நன்னாரி சர்பத் வந்தது. நாலு பேரும் குடித்தார்கள். கஸ்பாரும் குடித்தான், குடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டான், மிஷன் பள்ளியில் பழகிய முத்து முத்தான கையெழுத்து. த்தூ!

மூன்றாம் நாள் அய்யம்மாளின் தாய் அங்காளம்மாள் சேவுகம்பட்டியிலிருந்து பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அப்பு, வகுத்துவலின்னு எம்மக ஒரு நாளும் சொன்னதில்ல. நீங்கதான் கதவத் தொறந்தீகளாம். பூட்டு வெளிய கெடந்துச்சா, உள்ள தாப்பா போட்டிருந்துச்சா?"

பை அவள் காலடியில்தான் கிடந்தது.

"உள்ளதான் ஆத்தா, தாப்பா போட்டிருந்துச்சு."

அங்காளம்மாள் பட்டறை மாடத்தில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். "புஸ்தகமெல்லாம் வாசிக்கிறவுக, நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீக" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்றைக்கே கஸ்பார் இருந்த புத்தகத்தையெல்லாம் பட்டறை உலையில் போட்டான். "பொய்யி, அம்புட்டும் பொய்யி" என்று கத்தினான். வாயைத் திறந்த பால்காரனிடம் மறுநாள் யார் வீட்டில் பால் வாங்கினார்கள் என்று ஒரு புத்தகமாவது சொன்னதா? சவரியம்மாள் பையிலிருந்த அறுத்த பூட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "புஸ்தகமா பொய் சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

இருபது பூட்டையும் செய்து கொடுத்தான். ஒன்றிலும் சிலுவைக் குறி போடவில்லை. அடுத்த மாதம் வெட்கமில்லாமல் ஸ்டேஷனுக்குப் போய்ப் புதுப் புத்தகமும் வாங்கி வந்தான். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு வண்டிக்காரன் வாயைத் திறந்தான். கஸ்பாருக்கு அப்போதும் புல்லரித்தது. தன் கையில் சிலிர்த்து நின்ற மயிரைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.