கார்ப்பெட்டில் ஓர் ஈரம்

அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய செருப்பு காரின் கார்ப்பெட்டிலிருந்து ‘சளக்’ என்று பிரியும். அதைக் கேட்டதும் முன்னிருக்கையில் அம்மாவும் பின்னிருக்கையில் நானும் மூச்சை அடக்கிக்கொள்வோம், ஏனென்றால் அடுத்து வருவது எங்களுக்கு மனப்பாடம்.

“கோயிலுக்கு எண்ணெய் கொண்டு போறியா, இல்ல காருக்கு அபிஷேகம் பண்றியா?”

சுங்கை வேயிலிருந்து வெள்ளிதோறும் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போவோம். விளக்குக்கான நல்லெண்ணெய்ப் ‘போத்தல்’ என் பொறுப்பு. ஒருமுறை அது என் கையிலிருந்து நழுவி, மூடி கழன்று, அப்பாவின் இருக்கைக்கு அடியில் உருண்டது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு பெடலுக்குக் கீழே தெரிந்த ஒவ்வோர் ஈரமும் எங்கள் தலையில் விழுந்தது. அம்மா சனிக்கிழமை தேய்த்துக் கழுவுவார். வியாழனுக்குள் மறுபடியும் பிசுபிசுக்கும். வியாழனன்று போத்தல் காரிலேயே இல்லை என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனாலும் நான்தான் எப்போதோ சிந்தியிருப்பேனோ என்று என்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சவுக்காரமே போடலங்க, வெறும் தண்ணியிலயே போயிடுது. எண்ணெய்னா அப்படிப் போவுமா?”

“நீ என்ன போமனா?” என்றார் அப்பா. மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

பிரேக் விளக்கு சிவப்பாக எரியும்போதெல்லாம் அப்பா பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்புவார், குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார், தரை காய்ந்திருப்பதைக் கண்டு, “லீக் ஒண்ணும் இல்ல” என்று நிமிர்வார்.

பிறகொரு வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் சிக்னலில் பெடல் தரைவரை இறங்கியது. அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்ததில் முன்னால் நின்ற லோரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றோம். என் மடியில் போத்தல் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பட்டறையில் போமன் அண்ணன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, பெடல் கம்பியை விரலால் வழித்து, அந்த விரலை ஒரு குவளைத் தண்ணீரில் விட்டார்.

“பாருங்க பாஸ், எண்ணெய்னா மேல மிதக்கும். இது கரைஞ்சிடுச்சி. பிரேக் ஆயில் லா. மாஸ்டர் பம்ப் ரப்பர் போச்சு, பெடல் வழியா உள்ளுக்குள்ளயே வடியுது. நீங்க வெளிய தேடுனா எப்படித் தெரியும்? கார்ப்பெட் ஈரமா இருந்திருக்குமே, வீட்ல யாரும் சொல்லலியா?”

அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“இல்ல” என்றார் அப்பா.

இப்போது எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். அவளைப் பின்னிருக்கையில் கட்டிவிட்டு, பெடலுக்கு அடியில் விரலால் தடவி முகர்ந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். காய்ந்திருந்தாலும் நம்பிக்கை வராமல் இன்னொரு முறை தடவுகிறேன். “செர்வீஸ் பண்ணி ஒரு மாசம்கூட ஆவல லா” என்று கணவர் சலித்துக்கொள்கிறார். அப்பாவின் அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போமன் அண்ணனின் பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்துவிட்டது. அப்பாவுக்கு எதுவும் நினைவில்லை.

அம்மா மட்டும் இன்றும் எண்ணெய்ப் போத்தலை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டுதான் என் காரில் ஏறுகிறார். போன வெள்ளிக்கிழமை, “கீழ சிந்திடப் போவுதும்மா, மெதுவா ஓட்டு” என்றார். அவரைத் திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று பட்டறையில் அந்த ‘இல்ல’வைக் கேட்டுக்கொண்டு நானும் சும்மாதானே நின்றேன்.