தங்கையா அண்ணன் வீட்டுக் கலர்

எங்கள் தோட்டத்தில் முதன்முதலில் கலர் டிவி வாங்கியவர் லோரி டிரைவர் தங்கையா அண்ணன்தான். துரை பங்களாவில் அதற்கு முன்பே ஒன்று இருந்தது. ஆனால் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதால் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்போங் ராஜா என்கிற ஊருக்கு மேலே மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. காலையில் கொழுந்து பறிக்கிற எங்களை மலைக்கு ஏற்றிப் போவதும், பறித்த கொழுந்தை ஃபேக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுவதும் அண்ணன் வேலை. அந்த மலைப்பாதையில் ஸ்டீரிங்கைத் திருப்புகிறவர் என்பதால், உலகத்தில் திருகக்கூடிய எதுவும் தன் கைக்குக் கட்டுப்படும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

எண்பத்திரண்டில் வீடியோ பெட்டியும் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வீடுகளில் பாதிப் பேர் அவர் வீட்டில்தான். ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கிவிடுவோம். படம் ஓடுவதற்கு முன் ஒரு பூசை உண்டு. ஏரியல் ஒயரைப் பிடுங்கி வீடியோவில் செருகுவார். அங்கிருந்து இன்னொரு ஒயரை டிவிக்குக் கொடுப்பார். டிவியின் கடைசிப் பொத்தானை அமுக்கிவிட்டு, அதன் பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தை நகத்தால் உருட்டிக்கொண்டே போவார். புள்ளியாய்க் கொட்டுகிற திரையில் எங்கிருந்தோ ஒரு மீசை வரும், அப்புறம் மூக்கு வரும், கடைசியில் முழு ஆளே வந்து நிற்பான். நாங்கள் கை தட்டுவோம். அண்ணன், அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டுவார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்து கலர் குமிழுக்குக் கை போகும். அது இனித் திரும்பாது என்று அடம்பிடிக்கிற வரைக்கும் திருகுவார்.

"கொஞ்சம் கொறைங்கண்ணே, எல்லாரு மூஞ்சியிலயும் வெத்தல எச்சிலத் துப்புன மாதிரி இருக்கு," என்பேன் நான்.

"கலர் டிவி வாங்கிட்டுக் கலரக் கொறைக்கச் சொல்றியே லா, ஒனக்கு மூளை இருக்கா?"

கலருக்கு அப்புறம் வெளிச்சம். அது வருசத்துக்கு வருசம் ஏறிக்கொண்டே போனது. முதலில் கதாநாயகியின் மூக்குத்தி காணாமல் போனது, பிறகு மூக்கே காணாமல் போனது. வில்லன்கூட சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்து நின்று மிரட்டினான். அப்படியும் அண்ணனுக்குத் திருப்தி இல்லை. ஏரியல் சரியில்லை என்பார், இல்லாவிட்டால் கேசட் சரியில்லை என்பார். அதுவும் இல்லை என்றால் வீடியோவின் ஹெட் அழுக்கு. உடனே பெட்டியைத் திறந்து துணியில் கொலோன் தொட்டுத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வீடு மணக்கும், படம் மட்டும் அப்படியேதான் இருக்கும். நாங்கள் கேலி செய்தோம், கேலி செய்துகொண்டே பார்த்தோம்.

அவர் மனைவி நவமணி அண்ணி எங்களோடு கொழுந்து பறிப்பவர். அதிகம் பேசமாட்டார். எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் ஓடிக்கொண்டிருக்கையில் அண்ணன் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனார். அண்ணி எழுந்து போய்க் கலரையும் வெளிச்சத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பாடா! முகத்துக்கு முகத்தின் நிறம் வந்தது, சேலைக்குக் கரை முளைத்தது.

அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரையில் ஒருவன் ஏணியிலிருந்து தவறி மாவு அண்டாவுக்குள் விழுந்தான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"எதுக்கு இந்தச் சிரிப்பு? படந்தான் வரலையே. ஒரே பனியால்ல இருக்கு," என்றார் அண்ணன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நாளாகவே லோரியில், நல்ல வெயிலிலும், இந்த வருசம் பனி ஜாஸ்தி என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தது எனக்கு நினைவு வந்தது. போன வாரம் திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரியை ஒரு வளைவில் அவர் உரசிக்கொண்டு போனதும் நினைவு வந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி டிவியைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் லோரி வந்து நின்றது. நாங்கள் ஏறப் போனபோது அண்ணி பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"யாரும் ஏறாதீங்க. அவருக்குக் கண்ணு தெரியல."

அண்ணன் கீழே குதித்து ஓடிவந்தார். "நவமணி, வாய மூடு! லோரியப் புடுங்கிருவாங்க."

"புடுங்கட்டும். இவங்க புள்ளைங்களுக்கு நான் நாளைக்கு என்னன்னு பதில் சொல்றது?"

அண்ணன் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஒருத்தி ஏறினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒருத்தியும் ஏறவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி அய்யாசாமி வந்து, தலையைக் குனிந்துகொண்டுதான் சாவியை வாங்கினார். இருபது வருசத்துக்கு மேல் அண்ணன் ஓட்டிய லோரி அது.

அன்றோடு அண்ணன் அண்ணியிடம் பேசுவதை நிறுத்தினார். குழம்பு வேண்டுமென்றால் சுவரிடம் கேட்பார். சுவரும் பாவம், எத்தனை தடவைதான் பரிமாறும்! ஈப்போ ஆஸ்பத்திரியில், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் பஸ்ஸில் கூட்டிப் போனார். போக வர ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் கையை மட்டும் விடமாட்டார் என்று அண்ணி சொன்னார். லோரி திரும்பக் கிடைக்கவில்லை. ஃபேக்டரியில் மூட்டை தைக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

கண்ணை அறுத்து முடிந்து, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்த அன்று, டிவியை என்ன செய்யப் போகிறார் என்று வேடிக்கை பார்க்க எல்லோரும் கூடிவிட்டோம். அண்ணன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. டீயோடு வந்து நின்ற அண்ணியை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நவமணி, ஒனக்கு எப்ப புள்ள தலை இப்படி நரைச்சுச்சு?"

"அது ஆச்சு வருசக்கணக்கு," என்றார் அண்ணி. "டீ ஆறுது, குடிங்க."

அண்ணன் டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலில் செருப்பைத் தேடினோம்.